உப்புத் தண்ணிக்கு அந்தப் பக்கம்

நீலகிரியில் எங்கள் கொளப்பள்ளியில் ஜூன் மாதம் மழை பிடித்தால் செப்டம்பர் வரை வெயில் விருந்தாளி மாதிரிதான். எப்போதாவது வரும், உட்காராமல் போய்விடும். ரேடியோ பேட்டரி தீர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவது ஊரெல்லாம் செய்கிற வேலை. எங்கள் அப்பாயிக்கு அந்த வெயிலும் கிடைக்காது. அதனால் அடுப்பு மேட்டின் ஓரத்தில், விறகு உலர்த்துகிற இடத்தில், பேட்டரிகளை வரிசையாகப் படுக்க வைப்பார். சூடு ஏறியதும் முந்தானையில் துடைத்து ரேடியோவுக்குள் போட்டு, மூடி உடைந்துபோன இடத்தில் ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார். அது ஒருநாள் வெடிக்கப் போகிறது என்று பக்கத்துப் பாடிக்காரர்கள் பயமுறுத்துவார்கள். பாடி என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வெடித்ததில்லை.

அந்த ரேடியோவில் அவர் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று செய்தி, இன்னொன்று ஜெபம். செய்தி கோயம்புத்தூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வரும். ஜெபம் வந்ததெல்லாம் தீவுகளிலிருந்து. இது எனக்கு உறைத்தது வெகு காலம் கழித்துத்தான்.

நாங்கள் சிலோன்காரர்கள். அரசாங்கக் காகிதத்தில் ‘தாயகம் திரும்பியோர்’. அப்பாயிக்கு அந்தப் பெயர் ஆகாது. “நா எங்க திரும்புனேன்? பொறந்ததே அங்கதான். இங்க புதுசால்ல வந்தேன்” என்பார். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பங்கு வைத்தார்கள். கணக்கு மிச்சமில்லாமல் முடிந்தது. எங்கள் வீட்டில் தாத்தா, அப்பாயி, அப்பா மூவரும் இந்தியப் பங்கு. கல்யாணமாகி ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போயிருந்த அத்தை இலங்கைப் பங்கு.

1975-ல் வந்தார்கள். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு அங்கே ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், இறங்கினால் ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம், அப்புறம் மலை. இப்படி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலை நட ஆரம்பித்தது, இன்றைய டேன்டீ. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று எங்கே போனாலும் ஒரு சிலோன் பாடி இருக்கும். அப்பாயி கப்பலில் கொண்டுவந்த சாமான்களில் கடைசிவரை மிஞ்சியது அந்த நேஷனல் ரேடியோ. சேமலாப நிதிக் காசு கைக்கு வந்ததும் கொழும்பில் வாங்கியது. அந்தக் காசில் வேறு உருப்படியாக எதையாவது வாங்கியிருக்கலாம் என்று தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தாத்தா மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். அப்பாயி வேதக்காரக் குடும்பம். இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களுக்கென்றே 1854-லிருந்து ஒரு மிஷன் நடந்தது. அதன் பெயரிலேயே ‘கூலி’ என்ற சொல் இருந்தது. அந்த வழியில் வந்த பாட்டுகளும் ஜெபமும் அப்பாயியிடம் இருந்தன. ஒரே லயத்து (வரிசை வீட்டு) அறையில் திருநீறும் வேதப்புத்தகமும் ஒன்றையொன்று இடிக்காமல் இருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். இன்றைக்கு இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள்.

சரி, ஜெபம் ஏன் தீவிலிருந்து வரவேண்டும்? இந்தியாவில் வானொலி முழுக்க அரசாங்கத்தின் கையில் இருந்தது. காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்ன பிறகுதான் தனியார் எஃப்.எம். நிலையங்கள் வந்தன. அந்த உரிமத்துக்கும் மத அமைப்புகள் கேட்க முடியாது. அதனால் தமிழில் ஜெபம் பண்ண நினைத்தவர்கள் ஸ்டுடியோவை இந்தியாவில் வைத்துக்கொண்டு, ஒலிபரப்புக் கம்பத்தைக் கடலுக்கு அப்பால் நட்டார்கள். பெங்களூரில் பேசிய பேச்சு ஒலிநாடாவாகக் கடல் தாண்டிப் போகும். அங்கிருந்து குரலாகத் திரும்பி வந்து, பேசியவர் இருந்த ஊருக்கும் சேர்த்துக் கேட்கும்.

அப்பாயி கேட்டவற்றில் ஒன்று சீஷெல்ஸ். இந்துமாக்கடலின் நடுவில், எங்கள் மலையிலிருந்து ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். ஃபீபா வானொலி அங்கே மாஹே தீவில் 1970-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்தத் தீவில் விமான நிலையம் திறந்ததே 1971-ல்தான். அதற்கு முன் ஆளும் இயந்திரமும் கப்பலில்தான் போயாக வேண்டும். மாஹே செங்குத்தான பாறைத் தீவு, சமதரை குறைவு. ஃபீபாக்காரர்கள் கரையை விட்டுவிட்டு, பவளத்திட்டின் மேல் கடலுக்குள்ளேயே கம்பங்களை நட்டுக் கம்பிகளைக் கட்டினார்கள். இதில் ஒரு சூட்சுமமும் இருந்தது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கம்பத்தின் காலடியில் கடல் இருந்தால் அலை வீணாகாமல் தாழ்வாகக் கிளம்பி வெகுதூரம் போகும். நான் இதைப் படித்துச் சொன்னபோது அப்பாயி ஆச்சரியப்படவில்லை. “உப்பு இல்லாம எதுதான் ஆவுது” என்று குழம்பைக் கிண்டினார்.

கிட்டத்தில் இருந்தது புத்தளம். இலங்கையின் மேற்குக் கரை, களப்பும் உப்பளமும் உள்ள ஊர். ட்ரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ அங்கே 1978-லிருந்து மீடியம் வேவில் இந்தியாவை நோக்கி ஒலிபரப்புகிறது. இங்கே பழைய ஆட்களுக்கு விஷ்வவாணி என்றால் தெரியும். 882 கிலோஹெர்ட்ஸ், 400 கிலோவாட். எங்கள் அறையில் எரிந்த 40 வாட் குண்டு பல்பு பத்தாயிரத்தை ஒன்றாக எரித்தால் எவ்வளவோ அவ்வளவு. கொளப்பள்ளிக்கு 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பகலில் வெறும் இரைச்சலாக இருக்கும் இடத்தில், பொழுது சாய்ந்ததும் குரல் தெளியும். வானத்தின் கீழடுக்கில் சூரியனால் உண்டாகும் ஒரு படலம் மீடியம் வேவைப் பகலெல்லாம் விழுங்கிவிடும். இரவில் அது கலைந்ததும் அலை மேலே போய்ப் பட்டுத் திரும்பி இறங்கும். அப்பாயிக்கு இந்தக் கணக்கு வேண்டியிருக்கவில்லை. கொழுந்து நிறுத்துப் போட்டு, குளித்து, உலை வைக்கும் நேரத்துக்கு அது தானே வந்துவிடும்.

மூன்றாவது பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வெரித்தாஸ். கத்தோலிக்க வானொலி என்று தெரிந்தும் அப்பாயி கேட்டார். “நல்ல தமிழ்ல பேசுறாங்க” என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 530 மீட்டர் நீளம், மலைச்சரிவிலேயே படுக்க வைத்தது. அதுவும் 1970-ல் வந்ததுதான். பள்ளிக்கூடத்தில் அழைத்துப் போய்க் காட்டினார்கள். வீட்டுக்கு வந்து, நம் மலையில் வானத்தைக் கேட்கிற பெரிய ரேடியோ ஒன்று இருக்கிறது என்றேன். அதில் என்ன நிகழ்ச்சி வருகிறது என்று கேட்டார் அப்பாயி. இரைச்சல் மட்டும்தான் வரும், அதைத்தான் கேட்கிறார்கள் என்றேன். “அதுக்கு நம்ம ரேடியோவே போதுமே.”

அப்பாயிக்கு வாசிக்கத் தட்டுத்தடுமாறி வரும், எழுத வராது. பத்து வயதிலிருந்து அவருக்கு எழுத்துக்காரி நான்தான். நிகழ்ச்சி முடிவில் சொல்கிற முகவரிக்கு மாதம் ஒரு இன்லேண்ட் லெட்டர். ‘கர்த்தருக்குள் அன்பான ஐயா அவர்களுக்கு’ என்று ஆரம்பிக்கும். அப்புறம் இருமல், மழை, அப்பாவின் குடி, அரிசி விலை, அட்டை கடித்த புண் ஆறாதது. பதிலுக்கு ஒரு சின்னச் சுவிசேஷப் புத்தகம், ஒரு காலண்டர், அஞ்சல்வழி வேதபாடத்தின் முதல் தாள் என்று வரும். பாடத்துக்கான விடைகளையும் நான்தான் எழுதுவேன். அப்பாயி பெயரில் இரண்டு சான்றிதழ் வாங்கியிருக்கிறேன்.

ஒரு ஆகஸ்ட் மாத ராத்திரி, இதேபோல் எழுதிக்கொண்டிருக்கும்போது, குரல் மாறாமல் அவர் சொல்ல ஆரம்பித்தார்.

“எழுபத்திநாலுல, ஐயா, எங்களுக்குக் கூப்பன் மா கொறச்சுட்டாங்க. பாணு ரொட்டிக்கு விடியக்காலையில இருந்து வரிசை. தோட்டத்துல வேலையும் வாரத்துக்கு மூணு நாளுதான். மரவள்ளி அவிச்சுத் தின்னோம். அப்ப எனக்கு ஒரு பொம்பளப் புள்ள. எட்டு மாசம். பாலு வத்திருச்சு.”

நான் பேனாவை நிறுத்திவிட்டேன். அப்பாவும் அத்தையும்தான் அவர் பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன்.

“எழுது” என்றார். “லயத்துக்குப் பின்னால தேயிலைக்கு நடுவுல பொதைச்சோம். நாங்க கப்பலேறி வந்துட்டோம். அது அங்கேயே இருக்கு. அதுக்கு யாரும் ஜெபம் பண்ணல. நீங்க பண்ணுங்க.” பெயரைச் சொன்னார். எழுத்துப் பிழை வரக்கூடாது என்று மறுபடி சொன்னார்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. வழக்கமான அச்சடித்த கடிதம்தான். அதன் அடியில் நீல மையில் யாரோ கையால் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சரியாக எழுதி, அவள் கர்த்தரிடம் இருக்கிறாள், உங்களுக்காக இன்று காலை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் ஜெபித்தோம் என்று. செத்தவர்களுக்காக அவர்கள் ஜெபம் செய்வதில்லை. அவர்கள் சபை வழக்கம் அப்படி. அதை மீறவும் இல்லை, அப்பாயி கேட்டதை மறுக்கவும் இல்லை. அதை எழுதியவர் கெட்டிக்காரர் என்று இப்போது தோன்றுகிறது. அப்பாயி மூன்று முறை வாசிக்கச் சொன்னார். பிறகு வாங்கி வேதப்புத்தகத்துக்குள் வைத்தார். அத்தைக்கும் அப்பாவுக்கும் தெரிந்த அந்த விஷயத்தை இருபத்தைந்து வருடமாக வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை என்று பிறகு தெரிந்தது. முன்பின் பார்த்திராத ஒரு மேசைக்காரரிடம்தான் அவரால் சொல்ல முடிந்திருக்கிறது.

எனக்கு இந்த வானொலிகள்மேல் ஒரு வருத்தமும் உண்டு. கஷ்டத்தில் பொறுமையாயிரு என்று நான் ஆயிரம் முறை கேட்டிருப்பேன். கஷ்டம் ஏன் வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று நான் கேட்டவரையில் ஒருநாளும் வந்ததில்லை. கம்பம் நிற்கிற நாட்டின் உரிமத்தில் ஓடுகிற நிலையம் அந்த நாட்டைப் பற்றிப் பேச முடியாது, அது புரிகிறது. புரிந்தாலும், பால் வற்றியதற்குக் காரணம் உள்ளவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாத ஜெபம் எனக்குப் பாதி ஜெபமாகத்தான் படுகிறது. கல்லூரியில் படிக்கும்போது அப்பாயியிடம் இதைச் சண்டையாகவே போட்டேன். அவர், “அத நீ பேசு, அவுக இத பேசட்டும்” என்று முடித்துவிட்டார்.

ஆனால் காசு விஷயத்தில் அந்தப் பழைய ரேடியோக்காரர்களை மதிக்கிறேன். நூறு கொடுத்தால் ஆயிரமாகத் திரும்பும் என்று விதைக் காணிக்கை கேட்கிற டி.வி. பிரசங்கங்களைப் பார்த்த பிறகு மதிப்பு இன்னும் கூடியது. வானொலியின் பொருளாதாரமே விசித்திரமானது. பத்திரிகை ஒரு பிரதி கூடுதலாகப் போனால் ஒரு பிரதிக் காசு வரும். ரேடியோவை ஒருவர் கேட்டாலும் ஒரு கோடிப் பேர் கேட்டாலும் அனுப்புகிறவருக்கு மின்சாரக் கட்டணம் அதேதான், கேட்கிறவர்களிடமிருந்து தானாக ஒரு பைசா வராது. பஞ்சம் வந்தால் கேட்கிற காது கூடும், கொடுக்கிற கை குறையும்.

அந்தக் குறையும் காலம் எங்களுக்கும் வந்தது. 1999, 2000 வாக்கில் நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. கிலோ பதினைந்துக்கு மேல் பார்த்தவர்கள் ஐந்தாறு ரூபாய்க்கு நின்றார்கள். நமது தேயிலையை அள்ளிக்கொண்டு போன சோவியத் சந்தை போனதிலிருந்து ஆரம்பித்த சரிவு. பறிகூலிக்கே கட்டாமல் பல படுகர் வீட்டுத் தோட்டங்களில் கொழுந்து முற்றி நின்றது. அங்கே கூலிக்குப் போன எங்கள் ஆட்களுக்கு வேலையும் நின்றது. அப்பா திருப்பூருக்குப் போனார். பாடியில் பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன.

அந்த வருஷம்தான் அப்பாயி மணியார்டர் அனுப்பத் தொடங்கினார். மாதம் 20 ரூபாய், கமிஷன் 1 ரூபாய். ஊருக்கு வந்திருந்த அப்பா ரசீதைப் பார்த்துவிட்டார்.

“சோத்துக்கே வழியக் காணோம், ரேடியோக்காரனுக்கு மணியார்டரா?”

“முப்பது வருஷமா ஓசியில கேக்குறேன்டா. எவனோ எங்கயோ கட்டுன காசு. இப்ப அவனுக்கும் இல்லாமப் போயிருக்கும்ல.”

எனக்கு அப்போது அப்பா பேச்சுதான் நியாயமாகப் பட்டது. இப்போதும் முழுக்க மாறவில்லை. அந்த 21 ரூபாயில் எனக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வந்திருக்கும். ஃபாரத்தின் அடியில் சேதி எழுதக் கொஞ்சம் இடம் இருக்குமே, அதில் அப்பாயி சொல்லி நான் எழுதியது எப்போதும் ஒன்றுதான்: ‘கரண்டு பில்லுக்கு.’

2003-ல் சீஷெல்ஸ் நின்றது. கடலுக்குள் நின்ற கம்பங்களின் வேலை முடிந்தது. ஃபீபா அதன்பின் வேறு நாடுகளின் ஒலிபரப்பிகளை வாடகைக்கு எடுத்து நடத்தியது. அப்பாயிக்கு இதை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் இரைச்சலில் கேட்டிருக்காது. பல நாள் முள்ளை அந்த இடத்திலேயே அசைத்துப் பார்த்தார். பேட்டரியில் கோளாறு என்று புதிது வாங்கச் சொன்னார். புதிது போட்டும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, “அங்கயும் மனுசங்க கஷ்டப்படுறாங்களோ என்னவோ” என்றார். அது கிட்டத்தட்ட ஜோசியம் மாதிரி ஆகிவிட்டது. 2008-ல் சீஷெல்ஸ் அரசாங்கமே வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நின்றது. வெரித்தாஸ் 2018 ஜூன் கடைசியில் சிற்றலையை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. அதைப் பார்க்க அப்பாயி இல்லை, 2011-லேயே போய்விட்டார். கொளப்பள்ளிக் கல்லறையில் மண் ஈரம் காயாத ஒரு மூலையில் இருக்கிறார்.

புத்தளம் மட்டும் நிற்கவில்லை.

2022 ஏப்ரலில் இலங்கை, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதற்கு முன்பே மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. 200 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் மே மாதம் 360-க்குப் போனது. மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை. முந்தின வருஷம் ரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடை செய்ததில் தேயிலையும் வாடிக்கிடந்தது. அத்தைக்கு அப்போது அறுபத்தேழு வயது. வாட்ஸ்அப்பில் பேசும்போதெல்லாம் முதலில், “பாப்பா, சுருக்கா பேசு, சார்ஜ் இல்ல” என்பார். தோட்டத்து நாள்கூலி ஆயிரம் ரூபாய் ஆனதே அதற்கு முந்தின வருஷம்தான். ஆன வேகத்தில் அந்த ஆயிரத்துக்கு மதிப்பில்லாமல் போனது. “எழுபத்திநாலு திரும்பிருச்சு” என்று ஒருநாள் சொன்னார். அந்த வருஷத்தை அவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் ஒன்றும் கேட்கவில்லை.

இருட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். ரேடியோ கேட்கிறேன் என்றார். மாமா வைத்துவிட்டுப் போன பழைய செட்.

“எந்த ஸ்டேஷன் அத்தை?”

“அதென்னமோ, அம்மா கேக்குமே, அது. இந்தியாவுக்குப் போடுறதுதான். இங்கயும் லேசா விழுகுது.”

அலமாரியிலிருந்து நேஷனல் ரேடியோவை எடுத்தேன். ரப்பர் வளையம் இற்றுப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்குப் போய்ப் பேட்டரி வாங்கி வந்து போட்டேன். முள் 882-க்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தது, யாரும் அதற்குப் பிறகு அசைக்கவில்லை போலிருக்கிறது. ஏழு மணிக்கு மேல் அத்தையை அழைத்தேன். ஒரு தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் ரேடியோவில் ஒரு வரி வந்ததும், அதே வரி அத்தையின் ரேடியோவிலிருந்து ஃபோன் வழியாக ஒரு நொடி தாமதித்து வந்தது. அத்தைக்கும் அங்கே அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும். சிரித்தார்.

“ஒனக்கு முன்னாடி வருதா, எனக்கு முன்னாடி வருதா பாப்பா?”

எனக்கு முன்னாடி வருகிறது என்றேன். இல்லை, தனக்குத்தான் முன்னாடி வருகிறது என்றார். அவர் பக்கத்து டவரிலும் மின்சாரம் தீர்ந்திருக்க வேண்டும். ஃபோன் அறுந்தது. ரேடியோவில் பாட்டு ஒற்றையாகப் போய்க்கொண்டிருந்தது.